சத்திரமும் கல்லூரியும்

விரிவாக்கப் பணி என்ற சொல்லை முதலில் பார்த்துவிடலாம். எக்ஸ்டென்ஷன் என்பதற்கு நம் பல்கலைக்கழகங்கள் செய்துகொண்ட தமிழ் இது. விரிவுப்பணி என்பவர்களும் உண்டு, புறப்பணி என்பவர்களும் உண்டு. எப்படிச் சொன்னாலும் சொல்லுக்குள் ஒரு சித்திரம் இருக்கிறது. நடுவில் ஒரு ஸ்தாபனம், தன் இடத்தில் கெட்டியாக உட்கார்ந்திருக்கிறது. அதிலிருந்து ஒரு கை நீள்கிறது. நீளும் கைக்கு மறுமுனையில் யாரோ நிற்கிறார்கள். அவர்களிடம் இல்லாத ஏதோ ஒன்று அந்தக் கையில் இருக்கிறது. அவர்களிடம் இருப்பது இதே கை வழியாகத் திரும்பி வரலாம் என்பதற்குச் சொல்லில் இடமே இல்லை. பாவ்லோ ஃப்ரேய்ரே சிலியில் விவசாயிகளுக்கு நடுவே வேலை செய்யும் அலுவலர்களோடு இருந்த நாட்களில், 1969இல், இந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு சிறு புத்தகம் எழுதினார். விரிவாக்கமா, தொடர்புகொள்ளலா என்பது அவர் கேள்வி. ஃப்ரேய்ரேயின் பெயரை மேற்கோள் காட்டும் நம்மவர்களில் பலர் அவருடைய பெரிய புத்தகத்தோடு நின்றுவிடுகிறார்கள். இந்தச் சிறு புத்தகத்தையும் புரட்டியிருந்தால் நம் கல்லூரிகளின் அறிவிப்புப் பலகைகளைச் சற்றுக் கூச்சத்தோடு பார்த்திருப்பார்கள்.

சொல் பிறந்த ஊர் இங்கிலாந்து. 1873இல் கேம்பிரிட்ஜ் தன் ஆசிரியர்களைத் தொழில் நகரங்களுக்கு அனுப்பி விரிவுரை செய்ய வைத்தது. ஜேம்ஸ் ஸ்டூவர்ட் என்பவரின் முயற்சி அது. பல்கலைக்கழகத்துக்கு வர முடியாத பெண்களிடமும் தொழிலாளிகளிடமும் பல்கலைக்கழகமே போகட்டும் என்ற நல்லெண்ணம். பதினோரு வருஷம் கழித்து, 1884இல், லண்டனின் கிழக்குப் பகுதியான ஒயிட்சேப்பலில் டாயின்பி ஹால் எழுந்தது. சாமுவேல் பார்னெட் என்ற பாதிரியாரும் அவர் மனைவி ஹென்ரியெட்டாவும் ஏற்படுத்தியது. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் இளைஞர்கள் அங்கே வந்து ஏழைகளுக்கு நடுவே குடியிருக்க வேண்டும். போய்வருவதற்கும் குடியிருப்பதற்கும் உள்ள தூரத்தைப் பார்னெட் தம்பதி உணர்ந்திருந்தார்கள். வில்லியம் பெவரிட்ஜும் கிளெமென்ட் அட்லீயும் இளம் வயதில் அந்த இல்லத்தில் பொறுப்பு வகித்தவர்கள். ஒருவர் 1942இல் சமூகக் காப்பீட்டு அறிக்கையை எழுதினார், மற்றவர் 1945இல் பிரதமராகி அதைச் சட்டமாக்கினார். ஒயிட்சேப்பலில் பார்த்தது அவர்களை விட்டுப் போகவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். இதைச் சொல்லாமல் மேலே போவது நேர்மையாகாது. நல்லெண்ணத்தைக் கேலி செய்வது சுலபம். நம் பத்திரிகைகளில் அது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டிருக்கிறது.

நம் பக்கம் வந்தால் 1969. காந்தி நூற்றாண்டு வருஷத்தில், செப்டம்பர் 24ஆம் தேதி, வி.கே.ஆர்.வி. ராவ் மத்தியக் கல்வி அமைச்சராக இருந்தபோது, 37 பல்கலைக்கழகங்களில் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கியது. இரண்டு வருஷத்துக்கு 240 மணி நேரம் சேவை, அதோடு ஒரு கிராமத்தில் முகாம். 1977இல் பல்கலைக்கழக மானியக் குழு, போதனை, ஆராய்ச்சி இரண்டோடு விரிவாக்கத்தையும் உயர்கல்வியின் மூன்றாவது பரிமாணம் என்று ஏற்றுக்கொண்டது. தமிழ்நாட்டுக்காரனுக்கு இந்த வருஷங்களைக் கேட்டதும் இன்னொரு வருஷம் ஞாபகம் வரும். 1965 ஜனவரியிலும் பிப்ரவரியிலும் நம் கல்லூரிகள் யாரும் சொல்லாமலே தெருவுக்கு வந்தன. அதற்கு முந்தின வருஷம் ஜனவரி 25இல் இதே திருச்சியின் ரயில் நிலையத்துக்கு முன்னால் கீழப்பழுவூர் சின்னசாமி தன்னை எரித்துக்கொண்டார். அறுபத்தைந்தில் மாணவனும் ஊரும் ஒரே தெருவில் நின்றதை விரிவாக்கம் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. நாலு வருஷம் கழித்து மாணவனுக்குச் சேவை மணிகள் ஒதுக்கப்பட்டன. இரண்டையும் நான் முடிச்சுப் போடவில்லை. வருஷங்கள் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன என்று மட்டும் சொல்கிறேன்.

இந்த யோசனைகளுக்கு எனக்கு இடம் சத்திரம் பேருந்து நிலையம். திருச்சிக்காரர்கள் பேருந்து நிலையம் என்ற வாலையெல்லாம் சேர்ப்பதில்லை, சத்திரம் என்றால் போதும். முசிறி, துறையூர், லால்குடி, குளித்தலை, நாமக்கல் பக்கத்து ஜனங்கள் வந்து இறங்கும் இடம். ஸ்ரீரங்கம் போகும் ஒன்றாம் நம்பர் பஸ் கடந்து போகும் இடம். 2021 டிசம்பரில் புதுக் கட்டடம் திறந்தார்கள். அதற்கு முன்னாலும் பின்னாலும் தரையில் துண்டு விரித்துப் படுப்பவர்கள் படுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். மூட்டைகளோடு உட்கார்ந்திருக்கும் கிழவிகள், கூடையில் பூ, கொய்யாக்காய், கட்டடத்தைவிட மூத்த ஒரு அழுக்கு.

இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் செயின்ட் ஜோசப் கல்லூரி. 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883இல் திருச்சிக்குப் பெயர்ந்து வந்த ஸ்தாபனம். அதன் வாசலில் லூர்து மாதா கோயிலின் கூர்ங்கோபுரம். தெப்பக்குளத்துப் பக்கம் 1923இல் தொடங்கிய ஹோலி கிராஸ் பெண்கள் கல்லூரி. நடுவே மெயின்கார்டு கேட். கோட்டையின் மதிலை வெள்ளைக்காரன் காலத்திலேயே இடித்தாயிற்று, அகழியைத் தூர்த்து ரோடு போட்டாயிற்று, வாசல் மட்டும் நிற்கிறது. மதில் இல்லாத வாசல். கல்லூரிகளுக்கு மதிலும் இருக்கிறது, வாசலும் இருக்கிறது, வாசலில் காவல்காரரும் இருக்கிறார்.

ஊர் கல்லூரியைக் கண்டு பயந்த காலம் ஒன்று இருந்தது. 1890களில் இங்கே படித்த பிராமண மாணவர்கள் சிலர் கிறிஸ்தவர்களானபோது ஊரே கொதித்தது. கல்லூரி தன் பிள்ளைகளை என்ன செய்யும் என்று பெற்றவர்கள் தூக்கமில்லாமல் கிடந்தார்கள். அந்தக் கொதிப்பின் நியாய அநியாயம் இங்கே விஷயமில்லை. கல்லூரியும் ஊரும் அன்று ஒன்றையொன்று பாதிக்கக்கூடியவையாக இருந்தன என்பதுதான் விஷயம். இன்று கல்லூரியின் பணிகளைக் கண்டு ஊரில் யாரும் பயப்படுவதில்லை. நன்றி சொல்கிறார்கள், சால்வை போர்த்துகிறார்கள். இந்த நிம்மதி எனக்கு அவ்வளவு நல்ல அறிகுறியாகப் படவில்லை.

காலை எட்டு மணிக்குச் சத்திரத்தில் நின்று பாருங்கள். துறையூர்ப் பக்கத்திலிருந்தும் மண்ணச்சநல்லூரிலிருந்தும் வரும் பஸ்களின் படியில் தொங்கிக்கொண்டு மாணவர்கள் இறங்குகிறார்கள். அப்பன் சேற்றில் நிற்பவன், அல்லது லாரியில் கிளீனர், அல்லது இல்லை. இவர்கள் கல்லூரி வாசலுக்குள் நுழைகிறார்கள். சில சனிக்கிழமைகளில் இவர்களே ஒரு வண்டியில் ஏற்றப்பட்டு ஒரு கிராமத்துக்குக் கொண்டுபோகப்படுகிறார்கள். அது தங்கள் கிராமம் மாதிரியே இருக்கும் இன்னொரு கிராமம். அங்கே இவர்கள் தொண்டர்கள்.

அப்படிப் போய்வந்த ஒரு பையனோடு ஒரு சாயங்காலம் சத்திரத்தில் பேசிக்கொண்டிருந்தேன். எந்தக் கல்லூரி என்பது முக்கியமில்லை. வீடு வீடாகப் போய் ஒரு படிவத்தை நிரப்பச் சொல்லியிருந்தார்கள். குடும்பத்தில் எத்தனை பேர், கழிப்பறை உண்டா, ஆடு மாடு எத்தனை, மாத வருமானம் எவ்வளவு. ஒரு வீட்டில் ஒரு பெண்பிள்ளை உரலில் எதையோ இடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஆடு எத்தனை என்றதும், “எதுக்கு தம்பி கேக்குற, கடன் எதும் குடுக்கப் போறாங்களா?” என்று கேட்டாளாம். “இல்லக்கா, சும்மா எழுதிக்கிறதுக்கு” என்றானாம் இவன். அவள் சிரித்துவிட்டு, “சும்மாதான, நாலுன்னு எழுதிக்க” என்றாளாம். கட்டியிருந்தது இரண்டு. இவன் நாலு என்று எழுதிக்கொண்டான். அப்புறம் என்னிடம் சொன்னான்: “எங்க அம்மாகிட்ட நானே போயி கேக்குற மாதிரி இருந்துச்சு சார். எங்க வீட்லயும் டாய்லெட் கிடையாது. அதை யாரும் எழுதல.”

என் கேள்வி இந்த இடத்தில்தான் இருக்கிறது. கிராமத்துக்கு இந்த வருகையால் என்ன கிடைத்தது என்பதைப் பொருளாதாரம் படித்தவர்கள் கணக்குப் பார்க்கட்டும். பையனுக்கு என்ன ஆயிற்று? தன் ஜனங்களைப் படிவத்தின் இந்தப் பக்கத்திலிருந்து பார்க்கக் கற்றுக்கொண்டான். அவன் அம்மா, அவன் கையாலேயே, ஒரு பயனாளி ஆனாள். சேவை என்ற பெயரில் நடந்தது ஒரு அந்நியமாதல். பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு அந்தச் சனிக்கிழமை கண்ணைத் திறந்துவிட்டிருக்கலாம், நான் மறுக்கவில்லை. துறையூர்க்காரனுக்கு அது ஏற்கனவே திறந்திருந்த கண்ணை மூடும் பயிற்சி. அவனுக்குத் தெரிந்திருந்ததை, அதாவது ஆட்டின் எண்ணிக்கையைப் பொய்யாகச் சொல்வதில் ஒரு ஏழைப் பெண்ணுக்கு இருக்கும் கௌரவத்தை, படிவம் ஒரு பிழையாகத்தான் ஏற்கும். அந்த அறிவை வாங்கி வைத்துக்கொள்ளக் கல்லூரியில் துறை இல்லை.

இவான் இல்லிச் 1968 ஏப்ரலில் மெக்ஸிகோவில், கோடை விடுமுறைக்குச் சேவை செய்ய வந்த அமெரிக்க மாணவர்கள் கூட்டத்தில் பேசினார். சுற்றிப் பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், உதவி செய்ய மட்டும் வராதீர்கள் என்பது அந்தப் பேச்சின் சாரம். மண்டபத்தில் எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்கிறேன். இல்லிச்சின் வாதம் நமக்கு அப்படியே பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்கப் பையன் விமானம் ஏறித் திரும்பிவிடலாம். நம் பையன் திரும்பிப் போகும் இடமே அந்த மாதிரி ஒரு கிராமம். அதனால் அவனிடம் போகாதே என்று சொல்வதில் அர்த்தமில்லை. அவன் அங்கிருந்துதான் வருகிறான்.

சேசு சபைக்காரர்கள் இதைப் பற்றி யோசிக்காதவர்கள் அல்ல. 1973 ஜூலை 31இல் அச்சபையின் தலைவர் பெத்ரோ அருப்பே, வலென்சியாவில் தங்கள் பள்ளிகளில் படித்துப் பெரிய ஆட்களாகிவிட்ட பழைய மாணவர்களின் கூட்டத்தில், உங்களை நீதிக்காக நாங்கள் உருவாக்கவில்லை என்று அவர்கள் முகத்துக்கு நேரே ஒப்புக்கொண்டார். சிலர் கோபித்துக்கொண்டு சங்கத்தை விட்டே விலகினார்கள். அதற்கடுத்து 1975இல் முடிந்த பொதுச்சபை, விசுவாசத்தையும் நீதியையும் பிரிக்க முடியாது என்று ஆணையே பிறப்பித்தது. செயின்ட் ஜோசப்பின் ‘ஷெப்பர்டு’ என்ற விரிவாக்கத் துறை இந்தக் காற்றில் பிறந்தது. அறிவியலும் மானிடவியல் படிப்புகளும் மக்கள் முன்னேற்றத்துக்கு என்பது அந்தப் பெயரின் விரிவு. ஹோலி கிராஸுக்கு ‘ரெஸ்கேப்ஸ்’ இருக்கிறது. வருஷக்கணக்காக, சலிக்காமல், சுற்றுக் கிராமங்களுக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்களால் ஒரு தையல் மிஷினோ, ஒரு ரத்ததானமோ, ஒரு பெண்ணின் மேற்படிப்போ நடந்திருந்தால் அதை ஒரு கட்டுரைக்காரன் சும்மா உட்கார்ந்து அழித்துவிட முடியாது. பெயரை மட்டும் கவனியுங்கள். ஷெப்பர்டு என்றால் மேய்ப்பன். அவர்களுடைய வேதத்தில் மேய்ப்பன் ஆட்டுக்காக உயிரைக் கொடுப்பவன், ஆகவே பெயரில் கர்வம் இல்லை. ஆனாலும் ஆடு ஆடுதான். அதே வேதத்தில் இன்னொரு கதை இருக்கிறதே, அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கிக்கொண்டு போய்ச் சத்திரத்தில் சேர்த்த சமாரியன். யார் எனக்கு அயலான் என்று கேட்டவனுக்குப் பதிலாகச் சொல்லப்பட்ட கதை அது. அதில் அடிபட்டவனைத் தத்தெடுப்பதாக ஒரு வரி இல்லை.

தத்து என்ற சொல் இப்போது சர்க்கார் பாஷை ஆகிவிட்டது. 2014 நவம்பரில் தொடங்கிய உன்னத் பாரத் அபியான் திட்டத்தில் ஒவ்வொரு கல்லூரியும் ஐந்து கிராமங்களையாவது தத்தெடுக்க வேண்டும். ஒரு கிராமம் எப்போது அனாதையாயிற்று என்று யாரும் கேட்பதில்லை. தத்துப்பிள்ளைக்குச் சொத்தில் பங்கு உண்டு என்பது நம் ஊர்ச் சட்டம். எந்தத் தத்துக் கிராமம் எந்தக் கல்லூரியின் சொத்தில் பங்கு கேட்டது?

இதற்கு மேல் தரமதிப்பீட்டுக் குழு. 1994இல் ஏற்படுத்தப்பட்ட நாக், கல்லூரியை எடைபோடும் தலைப்புகளில் ஆராய்ச்சியோடு விரிவாக்கத்தையும் சேர்த்து வைத்திருக்கிறது. சேவைக்கு மதிப்பெண் உண்டு. மதிப்பெண்ணுக்கு ஆதாரம் வேண்டும். ஆதாரத்துக்குப் புகைப்படம் வேண்டும், அதுவும் அட்சரேகை தீர்க்கரேகை பதிந்த புகைப்படம். வலது கை செய்வது இடது கைக்குத் தெரியக்கூடாது என்ற தர்மம் போய், எந்த அட்சரேகையில் செய்தது என்று செயற்கைக்கோளுக்கே தெரிய வேண்டியிருக்கிறது. இதில் கல்லூரி ஆசிரியர்களைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. கோப்பு தயாரிக்கும் உதவிப் பேராசிரியை ராத்திரி பதினொரு மணிக்குப் படங்களுக்குத் தலைப்பு எழுதிக்கொண்டிருக்கிறார். ஏழைக்குக் கொடுத்தது அவருடைய பதவி உயர்வுக்கும் போகவேண்டிய பாதையாக யாரோ அமைத்துவிட்டார்கள்.

மெயின்கார்டு கேட் பக்கம் ஒரு காலை. தூய்மைப் பணி. எண்பது மாணவர்கள் இருக்கலாம். ஒரே மாதிரி தொப்பி, கையில் பிளாஸ்டிக் உறை, புதுத் துடைப்பம், பேனர். துடைப்பத்தின் கட்டு இன்னும் சரியாக அவிழ்க்கப்படவில்லை. அதே ரோட்டை விடியுமுன்னரே மாநகராட்சித் துப்புரவுப் பெண்கள் கூட்டி முடித்திருந்தார்கள். அவர்களில் இரண்டு பேர் எதிர்ச்சாரியில் டீ குடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். மாணவர்களுக்குக் கூட்டக் குப்பை போதவில்லை என்று ஒரு மூலையிலிருந்து கொஞ்சம் எடுத்து நடுவில் போட்டார்கள். படம் எடுத்தார்கள். அந்தப் பெண்களில் ஒருத்தி சத்தமாகவே, “போறப்ப திரும்ப நம்ம தலைலதான் விழும்” என்றாள். அவர்கள் கையில் உறை இல்லை. எண்பது ஜோடி உறைகள் பத்தடி தூரத்தில் இருந்தன. யாருக்கும் தோன்றவில்லை. தோன்றாதபடிதான் அந்தக் காலை ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது.

சத்திரம் என்ற சொல்லுக்கு வருகிறேன். பேருந்து நிலையத்தின் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கும் இந்தச் சொல், கல்லூரி வருவதற்கு வெகு காலம் முன்னால் இந்த மண்ணில் இருந்த ஒரு வேறு மாதிரியான ஸ்தாபனத்தின் பெயர். தஞ்சாவூர் ராஜ்யத்தின் நிர்வாகத்தை 1799இல் கும்பினி எடுத்துக்கொண்டபோது, சத்திரங்களையாவது என்னிடம் விட்டுவிடுங்கள் என்று இரண்டாம் சரபோஜி 1801இல் ரெசிடெண்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். ராமேஸ்வரத்துக்குப் போகும் பாதையில் இருந்த சத்திரங்கள் அவை. என்ன நடக்கிறது அங்கே என்று விவரமாகச் சொல்கிறார். பிராமணனிலிருந்து பறையர் வரை, பரதேசிகள் எல்லோருக்கும் சோறு. சமைத்த சோறு வேண்டாதவர்களுக்கு அரிசியும் சாமானும். ராத்திரி நடுச்சாமம் வரை பந்தி. நடுச்சாமத்தில் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர்கள் உண்டா என்று கூப்பிடுவார்கள். நோயில் விழுந்தவனுக்கு மருந்து, பிள்ளைத்தாய்ச்சிக்குப் பிரசவம் வரை கவனிப்பு, வழியில் தாய் தகப்பனை இழந்த குழந்தைகள் உபாத்தியாயர் வசம். அவர்களுக்கு மூன்று வேளை சோறு, படிப்பு.

ராஜா தன் கட்சிக்காக எழுதிய கடிதம் இது என்பது எனக்குத் தெரியும். சமைத்த சோறு வேண்டாதவர்கள் யார், ஏன் வேண்டாம் என்றார்கள் என்பதும் நம் எல்லோருக்கும் தெரியும். பிராமணர்களுக்கு மட்டுமே இலை போட்ட சத்திரங்கள் நாடெங்கும் இருந்தன. பழைய சத்திரத்தைப் பொற்காலமாக்கி ஏக்கப்படுகிறவர்களோடு எனக்குச் சகவாசம் இல்லை. ஒரே ஒரு விஷயத்துக்காக அந்தக் கடிதத்தை எடுத்தேன். அங்கே பள்ளிக்கூடம் சத்திரத்துக்குள் இருந்தது. சோறும் படுக்கையும் முதலில். அந்த இடத்திலேயே தங்கிவிட்ட குழந்தைக்கு எழுத்து பிற்பாடு. கல்வி அங்கே உபசாரத்தின் ஒரு பகுதி. நாம் இதைத் திருப்பிப் போட்டிருக்கிறோம். முதலில் மதில் கட்டிய கல்வி. உபசாரம் அதன் ஒரு துறை, சனிக்கிழமைகளில், வண்டி வைத்துப் போய், வெகு தொலைவில்.

தொலைவு ஏன் என்பதும் யோசிக்க வேண்டிய விஷயம். முப்பது கிலோமீட்டர் தாண்டி ஒரு கிராமத்தில் ஏழ்மை சுத்தமாக, விவசாயமாக, மரத்தடியாக இருக்கிறது. அது கேள்வி கேட்பதில்லை. சத்திரத்து ஏழ்மை காலில் தட்டுகிறது. அதற்கு நாற்றம் உண்டு, வாயும் உண்டு, தினமும் உண்டு. அயலான் என்று ஒருவனை ஒப்புக்கொண்டால் அவனுக்கு லீவு நாள் கிடையாது.

குறளில் ஒப்புரவறிதல் 22ஆம் அதிகாரம், ஈகை 23ஆம் அதிகாரம். இரண்டையும் தனித்தனியாக வைத்ததை உரைகாரர்கள் கவனித்துப் பிரித்திருக்கிறார்கள். நாம் பெரும்பாலும் இரண்டையும் தர்மம் என்ற ஒரே பையில் போட்டுவிடுகிறோம். ஈகையில் கொடுப்பவன் கை மேலே, வாங்குபவன் கை கீழே. ஒப்புரவில் கைகளே தெரிவதில்லை. அங்கே வரும் உவமைகள் ஊர்க் குளமும் ஊருக்குள் பழுத்த மரமும். குளம் தண்ணீரை எடுத்துக்கொண்டு யார் வீட்டுக்கும் போவதில்லை. மரத்துக்கு விரிவாக்கத் துறை இல்லை. அவை இருக்கும் இடத்தில் இருக்கின்றன, பூட்டாமல் இருக்கின்றன. பயன்படுத்துகிறவர் நன்றி சொல்ல வேண்டியதில்லை, குளத்தின் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ள வேண்டியதும் இல்லை. ஒரு கல்லூரி ஊருக்கு ஈகை செய்ய முடியும், செய்கிறது. ஒப்புரவாக இருக்க முடியுமா? இதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

இதை எழுதுவதற்கு முன்னால், நகரத்துக் கல்லூரி ஒன்றில் பாடம் நடத்தும் நண்பரிடம் சொன்னேன். நிதானமானவர். “நீங்கள் உவமையை வைத்துக்கொண்டு ஸ்தாபனத்தை அடிக்கிறீர்கள்” என்றார். “கதவைத் திறந்துவிட்டால் என்ன ஆகும் தெரியுமா? எங்களிடம் இரண்டு ஷிஃப்ட். காலியான வகுப்பறை என்பதே கிடையாது. பெண் பிள்ளைகள் படிக்கிறார்கள். ஒரு சம்பவம் நடந்தால் முதலில் கேள்வி கேட்பது இதே ஊர்தான். குளத்தில் விழுந்து செத்தால் குளத்தை யாரும் கோர்ட்டுக்கு இழுப்பதில்லை.” கடைசி வாக்கியம் நியாயமானது. அதற்கு எனக்கு உடனே பதில் இல்லை, இப்போதும் முழுப் பதில் இல்லை. பெண்களின் பாதுகாப்பு என்பதை ஒரு சாக்காக மட்டும் பார்ப்பவன் இந்த ஊர் பஸ்ஸில் ஏறியதில்லை.

ஆனால் அவரோடு பேசிக்கொண்டிருந்ததில் வேறொன்று தெளிந்தது. திறப்பது என்றால் கேட்டைத் திறப்பது மட்டும்தானா? 1991இல் பக்கத்துப் புதுக்கோட்டை ஜில்லாவில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கல்லூரிக்காரர்களும் போனார்கள், பள்ளிக்கூட வாத்தியார்களும் போனார்கள். ஆனால் எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர்களில் பெரும் பகுதி அந்தந்த ஊர்ப் பெண்களும் பையன்களும்தான். பக்கத்து வீட்டுக்காரி பக்கத்து வீட்டுக்காரிக்கு. படிக்க வந்த பெண்கள் சைக்கிள் கற்றுக்கொள்ள ஆரம்பித்தார்கள். ஆயிரக்கணக்கில் கற்றுக்கொண்டார்கள். எந்தப் பாடத்திட்டக் குழுவுக்கும் முன்கூட்டித் தெரியாத ஒரு ஆசை அது. அதை மறுக்காமல் இயக்கம் தன்னை மாற்றிக்கொண்டது. கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணை நின்றார். கை நீண்டது, இந்தத் தடவை மறுமுனையிலிருந்து ஒன்று வந்தது. ஃப்ரேய்ரே கேட்டதற்கு நம் பக்கத்து ஜில்லாவிலேயே ஒரு பதில் இருந்திருக்கிறது, கொஞ்ச காலம்.

சத்திரத்துக்கு அப்படி ஒன்று என்னவாக இருக்கும்? எனக்குத் தோன்றிய ஒன்றைச் சொல்கிறேன். 2014இல் தெரு வியாபாரிகள் சட்டம் வந்தது. அதன்படி ஒவ்வொரு நகரத்திலும் வியாபாரக் குழு வேண்டும், அதில் நூற்றுக்கு நாற்பது பேருக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும். கணக்கெடுத்துச் சான்றிதழ் கொடுக்கும் வரை யாரையும் அப்புறப்படுத்தக்கூடாது. சத்திரத்திலிருந்து என்.எஸ்.பி. ரோடு வரை கூடை வைத்திருக்கும் எத்தனை பேருக்கு இது தெரியும்? போலீஸ்காரர் கூடையைக் காலால் தள்ளும்போது சட்டத்தின் எந்தப் பிரிவைச் சொல்லலாம் என்று தெரிந்துகொள்ள அந்தப் பெண்ணுக்கு ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்ட வேண்டும். துறையூர்ப் பையனால் முடியும். அவனுக்கு இரண்டு பாஷையும் தெரியும், சட்டத்தின் பாஷையும் அவள் பாஷையும். வண்டி வேண்டாம், தொப்பி வேண்டாம், கல்லூரி முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும் அரை மணி போதும். அவள் பதிலுக்குச் சொல்வதை, யாருக்கு எவ்வளவு மாமூல், வட்டிக்காரன் காலையில் எவ்வளவு கொடுத்து ராத்திரி எவ்வளவு வாங்குகிறான் என்பதை, அவன் வகுப்புக்குக் கொண்டு போகட்டும். பொருளாதார ஆசிரியர் அதை ஆட்டுக் கணக்கு மாதிரி வாங்கிக் கோப்பில் வைக்காமல் கரும்பலகையில் எழுதிப் போட்டு, இதற்கு உங்கள் புத்தகத்தில் என்ன பெயர் என்று கேட்கட்டும்.

இதில் ஆபத்து இருக்கிறது. மாமூல் யாருக்குப் போகிறது என்று ஒரு கல்லூரிப் பையன் எழுதிக்கொண்டான் என்றால் முதல்வருக்கு ஃபோன் வரும். சால்வை வராது. 1890களுக்குப் பிறகு முதல் தடவையாக ஊரில் சிலர் கல்லூரியைக் கண்டு பயப்படலாம்.

நண்பரிடம் இதையும் சொன்னேன். வெகு நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, கேட்டையும் சட்டத்தையும் விடுங்கள், ஞாயிற்றுக்கிழமை ஒரு வாசகசாலை மாதிரி, தமிழ்ப் பேப்பரும் குடிதண்ணீரும் கழிப்பறையும், மதிலை ஒட்டி வெளிப்பக்கம் வாசல் வைத்து ஒரு அறை, அதையாவது கேட்டுப் பார்க்கிறேன் என்றார். கேட்டும் பார்த்தார். அலுவலகத்தில் கேட்டார்களாம், வருகிறவர்களுக்கு அடையாள அட்டை யார் கொடுப்பது என்று.